முதல் துப்பாக்கிக்கு முன் பெட்டியை வாங்குங்கள்

டாலஸின் வடக்குப் புறநகரில் சொந்த வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் கதவை உடைத்து நகையை அள்ளிச் சென்ற பிறகு, வீட்டுப் பாதுகாப்புக்கென்று முதன்முதலாக ஒரு துப்பாக்கி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது, வாங்கியதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் 13 வயது மகனும் 6 வயது மகளும் இருப்பதையும், எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தம்பி உங்களோடு தங்கியிருப்பதையும், டிசம்பரில் ஊரிலிருந்து பெற்றோர் வரவிருப்பதையும் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எந்தத் துப்பாக்கி என்பது இரண்டாவது கேள்வி. வீட்டிலிருக்கும் வேறு யார் கைக்கும் அகப்படாமல், உங்கள் கைக்கு மட்டும் சில நொடிகளில் எட்டும்படி அதை எதில் வைக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நல்ல விடை கிடைக்காத வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பது என் கருத்து. நான் துப்பாக்கிக்கு எதிரானவன் அல்லன். பல ஆண்டுகளாக வைத்திருப்பவன், புதியவர்களுக்கு ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சொல்லிக்கொடுப்பவன்.

உங்களைப் பயமுறுத்திய நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2003 முதல் 2007 வரையிலான வீடுபுகுந்த திருட்டுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 28 சதவீத நிகழ்வுகளில் மட்டுமே வீட்டில் ஆள் இருந்திருக்கிறார்கள். மொத்த நிகழ்வுகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தில் அவர்கள் வன்முறைக்கு ஆளானார்கள். பெரும்பாலானவற்றில் வீடு காலியாக இருந்தது. காலியாக இருக்கும் வீட்டில் துப்பாக்கி யாரையும் காப்பதில்லை; நகையைப் போலவே அதுவும் திருடனுக்கு எளிதில் விலைபோகும் ஒரு பொருளாகிவிடுகிறது. தங்கத்துக்காக நம்மவர்கள் வீட்டைக் குறிவைப்பதும் கற்பனையல்ல. 2011 முதல் 2014 வரை ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலைமையில் இயங்கிய கும்பல், டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளையடித்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னர் 37 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆகவே, துப்பாக்கிக் கடைக்குப் போகுமுன் நகைகளை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். கதவு நிலையில் பூட்டு நாக்கு நுழையும் தகட்டின் சின்னத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, சுவரின் மரச்சட்டம்வரை இறங்கும் 3 அங்குலத் திருகாணிகளைப் போடுங்கள். பின்கதவுக்கு விளக்கும் அலாரமும் வையுங்கள். கதவைக் காலால் உதைத்துத் திறப்பவனை அந்தச் சில டாலர் திருகாணிகள் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் படுக்கையறையில் இருக்கும் துப்பாக்கியை எடுக்கவே உங்களுக்கு நேரம் இருக்காது.

அடுத்தது சட்டம். நம்மூரில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுவதற்கே அலைய வேண்டியிருப்பதையும், தேர்தல் அறிவித்தால் அந்தத் துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதையும் பார்த்து வளர்ந்த நமக்கு, டெக்சஸில் ஒரு மதிய வேளையில் துப்பாக்கியோடு கடையைவிட்டு வெளியே வந்துவிட முடியும் என்பது நம்பமுடியாததாகத் தோன்றும். இங்கே வாங்குவதற்கு உரிமம் தேவையில்லை. மாநிலப் பதிவேடும் கிடையாது. கிரீன் கார்டு பெற்ற நிரந்தர வசிப்பாளர் வாங்கலாம். உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும், ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி) அல்லது ரைஃபிள் வாங்க 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பியதும், 1998 முதல் இயங்கிவரும் உடனடிப் பின்னணிச் சோதனை நடக்கும். புது வீட்டு முகவரி உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எளிமையில் மயங்கி நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது விசா நிலையை. எச்-1பி, எச்-4, எஃப்-1, பார்வையாளர் விசா என்று குடியேறாதோர் பிரிவில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கு இருப்பதாக ஊகித்துக்கொண்டு நடப்பது ஆபத்து. வைத்திருத்தல் என்பதற்குக் கையில் பிடித்திருத்தல் என்பது மட்டும் பொருளல்ல. பெட்டியின் சாவியோ எண்ணோ தம்பியிடம் இருந்தால், துப்பாக்கி அவர் வசத்தில் இருப்பதாகவே நீதிமன்றம் கருத இடமுண்டு. தெரிந்தே அந்த எண்ணை அவரிடம் கொடுத்த நீங்களும் குற்றத்தில் சிக்குவீர்கள். வார இறுதியில் தம்பியை ரேஞ்சுக்கு அழைத்துப்போய் வாடகைத் துப்பாக்கியால் சுடவைப்பதும் இதே தடைக்குள்தான் வருகிறது. படம் எடுத்துப் பகிரும் பலருக்கு இது தெரிவதே இல்லை. அவருக்காக உங்கள் பெயரில் வாங்குவது அதைவிடப் பெரிய குற்றம். 2022இல் வந்த சட்டத்தின்படி 15 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தம்பியின் நிலைமை பற்றிச் சந்தேகம் இருந்தால், குடிவரவுச் சட்டமும் ஆயுதச் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

இனி, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்து. இதைப் பற்றித் துப்பாக்கிக் கடைக்காரர் பேசமாட்டார். நம் வீடுகளிலும் யாரும் பேசுவதில்லை. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,200 பேர். அவர்களில் சுமார் 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை கோடிக்கணக்கான பெரியவர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்களில் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டோரின் விகிதம், வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு; பெண்களில் ஏறத்தாழ 35 மடங்கு. மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோரை மருத்துவமனையில் காப்பாற்றிவிடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்வரை பிழைப்பதில்லை. வேலைநீக்கக் கடிதம், விசா நெருக்கடி, மதிப்பெண், காதல் என்று எந்தக் காரணத்தால் ஒருவர் மனம் உடைந்தாலும், அந்தச் சில மணி நேரம் கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே வாழ்வா சாவா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உங்களையும் சேர்த்து வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருக்குமானால், இந்தப் பதிலின் மீதியைப் படிக்கத் தேவையில்லை, இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், நெருக்கடி தீரும்வரை அதை வீட்டுக்கு வெளியே, ரேஞ்சிலோ துப்பாக்கிக் கடையிலோ பாதுகாப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் அந்த வசதி உண்டு. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தால் எந்த நேரமும் உதவி கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில், “அவனுக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது” என்று பெற்றோர் சொல்லும் உறுதியை நான் நம்புவதில்லை. அலபாமாவின் கிராமப்புறத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு நடத்திய, 2006இல் வெளிவந்த ஆய்வில், தங்கள் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள். தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருந்தார்கள். பீரோவின் மேல்தட்டு, புடவை அடுக்கின் அடி, அரிசி டப்பாவின் பின்புறம் ஆகியவையெல்லாம் ஒளிவிடங்கள் மட்டுமே. தீபாவளிக்கு வாங்கிவைத்த பட்டாசைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் கண்ணில்படும். டெக்சஸ் சட்டப்படி, சுடத் தயாராயிருக்கும் துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் 17 வயதுக்குக் குறைந்த ஒருவர் கைக்குப் போனாலே குற்றம். அதைச் சுட்டு யாரேனும் இறந்தாலோ படுகாயமடைந்தாலோ குற்றத்தின் தரம் உயரும். மிச்சிகனில் 2021 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற 15 வயதுப் பையனின் தாயும் தந்தையும், அவன் கைக்குத் துப்பாக்கி எட்டும்படி விட்டதற்காகவும் அவன் மனநிலை பற்றிய எச்சரிக்கைகளைப் புறக்கணித்ததற்காகவும், 2024இல் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

எனவே பெட்டி. துப்பாக்கி வாங்கும் நாளுக்கு முன்பே அது உங்கள் வீட்டுச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி வாங்கும்போது வணிகர் ஒரு பூட்டுக் கருவியையும் சேர்த்துத் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், பெரும்பாலும் ஒரு கம்பிப் பூட்டு இலவசமாகக் கிடைக்கும். அதைத் தூக்கிப்போடாதீர்கள், பயணத்தின்போது உதவும். ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். கம்பியை வெட்ட ஒரு நல்ல வெட்டுக்குறடு போதும், பூட்டிய துப்பாக்கியை அப்படியே தூக்கிக்கொண்டு போவதையும் அது தடுக்காது. உங்களுக்குத் தேவை, தடித்த எஃகுத் தகட்டாலான, படுக்கைக்கு அருகே பொருத்தக்கூடிய, விரைவில் திறக்கும் சிறு பெட்டி. 150 முதல் 300 டாலருக்குள் தரமானது கிடைக்கும். ஐந்து பொத்தான்களை வரிசைப்படி அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு கொண்டதையே நான் விரும்புகிறேன்: பேட்டரி தேவையில்லை, இருட்டில் விரல் நுனியாலேயே திறக்கலாம், மின்னணுக் கோளாறு வராது. கைரேகைப் பெட்டிகள் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் 2023 அக்டோபரில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு நிறுவனத்தின் ஏறத்தாழ 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெறவைத்தது. உரிமையாளர் தம் ரேகையைப் பதிந்துவிட்டதாக நம்பியிருந்தும், யார் விரல் வைத்தாலும் அவை திறக்கக்கூடியவையாக இருந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது தொடர்பான வழக்கும் அதோடு சேர்ந்திருந்தது. அப்படியும் கைரேகைதான் வேண்டுமென்றால், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் விரலையும் வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு மறந்துவிடாமல் இடையிடையே மீண்டும் சோதியுங்கள். திறக்கும் எண்ணாகப் பிறந்த நாளையோ கைப்பேசியின் எண்ணையோ வைக்காதீர்கள். மகன் முதலில் முயல்வது அதைத்தான். கூடவே வரும் மாற்றுச் சாவியை அதே அறையின் இழுப்பறையில் போடுவது, பூட்டைப் பூட்டாமலே விடுவதற்குச் சமம்.

பெட்டிக்குள் தோட்டாவோடு வைப்பதா, தோட்டா இல்லாமலா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமி, வைக்கவே வேண்டுமென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் தனியாக வைத்து, அவற்றையும் பூட்டச் சொல்கிறது. இந்த நான்கு பழக்கங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிள்ளைகளின் விபத்தையும் தற்கொலையையும் குறைப்பதோடு தொடர்புள்ளது என்று 2005இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. தற்காப்புக்காக வாங்குகிறவர்களில் பலர், நள்ளிரவில் இரண்டு பெட்டியைத் திறப்பது நடவாது என்று சொல்லி, நிரப்பியபடியே பூட்டிவைக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும், பதின்ம வயதுப் பையன் இருக்கும் வீட்டில், புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் குறைந்தது முதல் ஓராண்டாவது மருத்துவர்கள் சொல்வதன்படியே நடக்க வேண்டும் என்பேன். நீங்கள் சில நொடிகள் பிந்துவதால் வரும் ஆபத்தும், உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் அது கிடைப்பதால் வரும் ஆபத்தும் ஒரே எடை கொண்டவை அல்ல.

இப்போது எந்தத் துப்பாக்கி என்பதற்கு வருகிறேன். 9 மில்லிமீட்டர் தோட்டா போடும், முழு அளவிலோ நடுத்தர அளவிலோ உள்ள ஒரு பிஸ்டல் போதும். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம்-அண்ட்-பி போன்றவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்து நம்பகத்தன்மை நிரூபிக்கப்பட்டவை, 450 முதல் 650 டாலருக்குள் கிடைக்கும், தோட்டா மலிவு, சிறு பெட்டிக்குள் அடங்கும். ஷாட்கன்னையோ ரைஃபிளையோ விட்டுப் பிஸ்டலை நான் பரிந்துரைப்பதற்கு இந்தக் கடைசிக் காரணமே முதற்காரணம்: நீளத் துப்பாக்கிக்கு உயரமான பெட்டகம் வேண்டும், அது பெரும்பாலும் படுக்கையறையில் இடம்பெறாது, இடம்பெறாதபோது துப்பாக்கி அலமாரியில் பூட்டில்லாமல் சாய்ந்து நிற்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பிஸ்டல் அழகாக இருக்கிறதென்று தேர்ந்தெடுக்காதீர்கள். அது மறைத்து எடுத்துச் செல்வதற்கானது, உதைப்பு அதிகம், புதியவர் கையில் குறி தவறும். மனைவியும் பயன்படுத்துவார் என்றால் அவர் கையிலும் வைத்துப் பாருங்கள்: விரல் விசையை இயல்பாக எட்டுகிறதா, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேற்பகுதியை) பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்பவை கடைக்காரரின் பரிந்துரையைவிட முக்கியம். ஸ்லைடை இழுக்கச் சிரமப்படுபவர்களுக்கென்றே தளர்வான வில் கொண்ட மாதிரிகள் இருக்கின்றன. .38 ஸ்பெஷல் ரிவால்வர் இயங்குமுறையில் எளிது. ஆனால் விசை கனமானது, ஐந்தாறு தோட்டாதான். பல ரேஞ்சுகளில் வாடகைக்குக் கிடைக்கும். நான்கைந்து மாதிரிகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஷாட்கன் என்றால் குறிபார்க்கவே வேண்டாம், தோட்டா ஏற்ற அதன் முன்பிடியை இழுக்கும் பம்ப் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஓர் அறையின் தூரத்தில் அதன் குண்டுகள் சில அங்குலத்துக்கு மேல் விரியாது, ஆகவே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். சத்தத்துக்கு அஞ்சி ஓடுவதை வந்தவனின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு நாம் திட்டம் போட முடியாது. அதைவிடப் பெரிய கவலை சுவர். இங்கே நம் வீடுகளின் உட்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தது. 9 மில்லிமீட்டர் தோட்டாவும் ஷாட்கன்னின் பெரிய குண்டுகளும் அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். முனை குழிந்த தோட்டா உடலில் விரிந்து வேகம் இழக்கும்படி வடிவமைக்கப்பட்டது, தற்காப்புக்கு அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்தக் குழியை ஜிப்சம் தூள் அடைத்துவிட்டால் அதுவும் விரியாமல் அடுத்த அறைக்குள் போய்விடும். ஆகவே உங்கள் படுக்கையறை வாசலில் நின்று, எந்தத் திசையில் பிள்ளைகளின் கட்டில் இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். அந்தத் திசையில் சுடக்கூடாது என்பது அன்றைக்கே முடிவாகிவிட வேண்டும்.

பயிற்சியில் முதல் பாடம் சுடுவதல்ல, காலிசெய்வது. பிஸ்டலில் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டை) உருவிவிட்டால் தோட்டா தீர்ந்தது என்று நினைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது. ஒரு தோட்டா குழலின் பின்வாயில் தங்கியிருக்கும். மேகசினை முதலில் எடுக்க வேண்டும், பிறகு ஸ்லைடைப் பலமுறை இழுத்துத் திறந்து நிறுத்திக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து புதுத் தோட்டா ஏறிவிடும். சில மாதிரிகளைத் துடைப்பதற்குப் பிரிக்கும்போது விசையை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் இதில் அசட்டைக்கு இடமே இல்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுவது, குழல் முனையை அழிக்க விரும்பாத எதன்மீதும் திருப்பாதிருப்பது, குறி படியும்வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்த பிறகே சுடுவது என்ற நான்கு விதிகளையும் எந்தப் பயிற்றுநரும் சொல்லித்தருவார்.

அவற்றில் நான்காவதுதான் வீட்டில் உயிரைக் காப்பது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போக வேண்டிய 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் முகவரி மாறி வேறொரு வீட்டின் மணியை அடித்தார். வீட்டுக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உரிமையியல் நீதிமன்றம் 6,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தன் வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ள டெக்சஸ் சட்டம் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. ஆனால் இருட்டில் சமையலறையில் நிற்பது தாகத்துக்கு எழுந்த மகனா, நேர மாற்றத்தால் தூக்கம் வராத அப்பாவா என்பதைச் சட்டம் சொல்லாது. கையில் தனியாக ஒரு டார்ச் விளக்கு வைத்திருங்கள். துப்பாக்கியோடு பொருத்திய விளக்கால் பார்ப்பதென்றால், பார்க்கப்படுபவர் மீதே குழலைத் திருப்ப வேண்டியிருக்கும். வீடு முழுவதும் தேடிக்கொண்டு நடக்காதீர்கள். எல்லோரும் ஒரே அறைக்குள் வந்து, கதவைத் தாழிட்டு, 911ஐ அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் அங்கேயே இருப்பதுதான் திட்டம். காவலர்கள் வரும்போது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது.

பெற்றோர் வருவதற்கு முன் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்களும் பார்வையாளர் விசாவில் வருவதால் தம்பிக்கு உள்ள தடை அவர்களுக்கும் உண்டு. மகனிடம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது, அது பூட்டியிருக்கிறது, நண்பர்களிடம் பேசக்கூடாது, வேறு வீட்டில் ஒன்றைப் பார்த்தால் தொடாமல் வெளியேறிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். மகளுக்கும் அந்தக் கடைசிப் பகுதியை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், சொன்னதைப் பூட்டுக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி, படமும் எடுத்து, வேறிடத்தில் வையுங்கள்; திருடுபோனால் காவல்துறை கேட்கும் முதல் தகவல் அதுதான். காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். ரேஞ்சுக்குப் போகவென்று தனியாக ஒரு பை வாங்கி, அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பையில் துணியை அடுக்கிக்கொண்டு போய், மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டிக்கொண்ட அமெரிக்கவாசிகள் உண்டு.